குடும்ப அட்டையில் நேரும் பிழைகளும் அவற்றின் பரிகாரமும்

குடும்ப அட்டையில் ஓர் எழுத்தோ ஓர் இலக்கமோ மாறிவிட்டால், ஒரு குடும்பத்தின் மாத அரிசி நின்றுபோகக்கூடும். நின்றுபோனதை மீண்டும் பெறுவது அவ்வளவு அரிய காரியமன்று. ஆனால் அப்பிழை எந்த அலுவலகத்தில் உண்டாயிற்றோ அந்த அலுவலகத்திற்கே சென்று அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஜனங்களிற் பெரும்பாலோர் பிழை வெளிப்பட்ட இடமாகிய கடையின் முன்னே நின்று, விற்பனையாளரோடு வாதாடிப் பல நாட்களை வீணாக்கிவிடுகின்றனர். விற்பனையாளரின் கையிலுள்ள இயந்திரம், வேறோரிடத்தில் எழுதப்பட்டதைக் காட்டுமேயன்றி அதை மாற்றும் சக்தி உடையதன்று. இவ்வுண்மையைக் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், தமிழ்நாட்டிலுள்ள 34,000-க்கு மேற்பட்ட நியாய விலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்தி வருவன கூட்டுறவுச் சங்கங்களே. கடையில் கேட்கும் அழுகுரல் முதலில் சங்கத்தின் செவியில்தான் விழுகிறது.

இதற்குப் புழல் என்னும் ஊரை எடுத்துக்கொண்டு நோக்குவது பொருத்தமாகும். சென்னைக்கு வடமேற்கே, செங்குன்றம் ஏரியை அடுத்து, கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையின்மேல் அமைந்துள்ள இவ்வூர், பழைய தொண்டை மண்டலத்தில் ஒரு கோட்டத்திற்கே பெயர் தந்த ஊர். ஏரியின் உபரிநீர் இவ்வூர்ப் பக்கமாக ஓடி, வடபெரும்பாக்கம், மணலி வழியே எண்ணூர்க் கழியில் சேர்கிறது. பேரூராட்சியாக இருந்த புழல், 2011-ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. எனினும் வருவாய்த்துறைக் கணக்கில் அது திருவள்ளூர் ஜில்லாவிலேயே இருந்து வந்தது. 2018-இல் சென்னை ஜில்லாவின் எல்லை விஸ்தரிக்கப்பட்டபோதுதான் மாதவரம் முதலிய பகுதிகள் அந்த ஜில்லாவுக்குள் வந்தன. ஆகவே, ஒரே வீட்டில் ஒரே குடும்பம் இடம் பெயராமலே வசித்து வர, அதன் விலாசம் மட்டும் இருமுறை மாறியது. ஆதாரில் ஒரு ஜில்லாவும், அட்டையில் வேறொரு ஜில்லாவும், வங்கிப் புத்தகத்தில் பழைய பேரூராட்சியின் பெயரும் காணப்படுமாயின், அது அக்குடும்பத்தின் குற்றமாகாது. ஆயினும் மூன்று காகிதங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு மூன்றும் வெவ்வேறு குடும்பங்களாகத் தோன்றக்கூடும். சர்க்கார் தன் எல்லைக் கோட்டை மாற்றும்போது குடிகளின் காகிதங்களையும் தானே மாற்றித் தருவதுதான் நியாயம். அது நடவாத இடத்தில் குடிகளே முயன்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய காலத்தில் ரேஷன் அட்டை அரிசிக்கும் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் மட்டுமே உரியதாயிருந்தது. 1943-இல் யுத்தகாலத் தட்டுப்பாட்டினால் சென்னை நகரில் பங்கீட்டு முறை ஏற்பட்டபோது, அட்டை இழந்தவன் இழந்தது தானியம் ஒன்றே. இக்காலத்தில் நிலைமை அவ்வாறன்று. இப்பொழுது அட்டை ஒரு மரத்தின் வேரை ஒத்திருக்கிறது. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு, பொங்கற் பரிசு முதலிய யாவும் அட்டையையே ஆதாரமாகக் கொண்டவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னையை மூழ்கடித்தபின், குடும்பம் ஒன்றுக்கு 6,000 ரூபாய் நிவாரணம் நியாய விலைக் கடைகளின் மூலமே வழங்கப்பட்டது. அட்டையில்லாதார் தனியே மனுச் செய்து, வங்கிக் கணக்கின் விவரமும் கொடுத்துக் காத்திருக்க நேர்ந்தது. அரிசிக்காக உண்டான அட்டையில் ஒரு பிழை நேர்ந்தால், வெள்ளத்தில் வீடிழந்தவனின் நிவாரணத்திற்கும் அதனால் தடை உண்டாகும் என்பதை இதனால் உணரலாம்.

பிழைகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 2005-ஆம் வருஷத்தில் கொடுக்கப்பட்ட தாள் அட்டைகள் பல ஆண்டுகள் உள்தாள் ஒட்டி உபயோகிக்கப்பட்டு வந்தன. 2017 ஏப்ரல் முதல் அவற்றிற்குப் பதிலாக மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. கோடிக்கணக்கான பெயர்களை ஆதார் விவரத்துடன் இணைத்து இயந்திரத்தில் ஏற்றியபோது பலவிதமான பிழைகள் புகுந்தன. அவற்றுள் ஒன்று நாடெங்கும் பேசப்பட்டது. சேலம் ஜில்லா ஓமலூர்ப் பக்கத்தில் ஒரு மூதாட்டியின் அட்டையில், அவருடைய படத்திற்குப் பதிலாக ஒரு சினிமா நடிகையின் படம் அச்சாகி வந்தது! அதைக் கண்டு சிரித்தவர் பலர். ஆனால் படம் மாறினால் எளிதில் கண்ணுக்குப் படும். ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் எவர் கண்ணுக்கும் படாது. அந்த இலக்கம் வேறொருவருடையதாயிருப்பின், அவர் மனுச் செய்யும் நாளில்தான், தம் பெயர் ஏற்கெனவே மற்றோர் அட்டையில் இருப்பதாகத் தெரிந்து திகைப்பார்.

பெயரைப் பற்றிய சங்கடம் தமிழர்களுக்கே உரியது. தமிழ்நாட்டில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுத் தம் பெயரைப் பின்னே எழுதுவது வழக்கம். குடும்பப் பெயர் என்று ஒன்றை முன்வைத்து ஏற்பட்ட நமூனாக்களில் இவ்வழக்கத்திற்கு இடமில்லை. அதனால் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும், ஓரிடத்தில் பின்னும், ஓரிடத்தில் தகப்பனாரின் முழுப்பெயராக விரிந்தும் நிற்கிறது. மணமான பெண்ணுக்கு முதலெழுத்தே மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, தமிழ்ப் பெயர் முதலில் ஆங்கில எழுத்தில் ஏறி, பின்பு இயந்திரத்தினால் மறுபடி தமிழாக்கப்படும்போது, ழகரம் ளகரமாகவும், நெடில் குறிலாகவும் ஆகிவிடுகின்றது. இவையெல்லாம் அற்பம் என்று விட்டுவிடலாகாது. அட்டை கைக்கு வந்த அன்றே ஆதாருடன் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், பின்னால் வரும் தொல்லை பாதி குறைந்துவிடும்.

பெயர் நீக்கத்தினாலும் பிழை நேர்வதுண்டு. மகளுக்கு மணமானால் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்கிக் கணவன் வீட்டு அட்டையில் சேர்க்க வேண்டும். நீக்குவது முடிந்து, சேர்ப்பது நின்றுபோனால், அப்பெண் எந்த அட்டையிலும் இல்லாதவளாகிறாள். இறந்தவர் பெயரை நீக்கும்போது அதே பெயருள்ள பேரனின் பெயர் போய்விடுவதும் உண்டு. உயிரோடிருப்பவரைக் காகிதத்தில் இறந்தவராக்கும் அவலம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கட் ஜில்லாவைச் சேர்ந்த லால் பிகாரியின் வரலாறு சான்று. அங்கே காரணம் பிழையன்று. நிலத்திற்காக உறவினர் செய்த மோசடி. 1970-களின் நடுவில் கணக்கில் இறந்துபோன அவர், 1994-இல்தான் மீண்டும் உயிருள்ளவராகப் பதியப்பட்டார்.

அட்டையின் வகையும் கவனிக்கத்தக்கது. முன்னுரிமைக் குடும்பங்களின் அட்டையில் பி.எச்.எச். என்றும், மிக வறிய அந்தியோதயக் குடும்பங்களுக்கு பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றும், ஏனையோருக்கு என்.பி.எச்.எச். என்றும் குறி இடப்பட்டிருக்கும். இம்மூவகையினருக்கும் அரிசி உண்டு. அந்தியோதயக் குடும்பத்திற்கு மாதம் 35 கிலோ. என்.பி.எச்.எச்.-எஸ். என்பது சர்க்கரை அட்டை. அதற்கு அரிசி இல்லை. என்.பி.எச்.எச்.-என்.சி. என்பது எப்பொருளும் பெறாத அட்டை. ஆகவே, குறியின் கடைசியில் ஓர் எழுத்துத் தவறாகச் சேர்ந்தாலும் அரிசி நின்றுவிடும். அரிசி நின்றதும் முதலில் பார்க்க வேண்டியது இக்குறியைத்தான்.

இத்தகைய பிழை எவ்வளவு கொடிய முடிவைத் தரும் என்பதற்கு வெளி மாகாணங்களிலிருந்து இரண்டு உதாரணங்கள் கூறலாம். ஜார்க்கண்டின் சிம்டேகா ஜில்லாவில், ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்ற காரணத்தால் ஓர் ஏழைக் குடும்பத்தின் அட்டை ரத்துச் செய்யப்பட்டது. 2017 செப்டம்பர் 28-இல் அவ்வீட்டின் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பசியினால் இறந்தாள் என்று தாயார் கூறினார். நோயினால் என்று அதிகாரிகள் கூறினர். காரணம் எதுவாயினும், அவ்வீட்டுக்குப் பல மாதங்களாக அரிசி வரவில்லை என்பதில் ஐயமில்லை. இதன் பிறகு, அதே வருஷம் அக்டோபர் 24-ந் தேதி மத்திய சர்க்காரின் உணவு இலாகா எல்லா மாகாணங்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. ஆதார் இல்லை என்பதற்காகத் தகுதியுள்ள எவருடைய பெயரையும் நீக்கக் கூடாது. இயந்திரம் ரேகையை ஏற்காவிட்டாலும் வேறு வழியில் பொருளைக் கொடுத்தேயாக வேண்டும் என்பது அதன் சாரம்.

மற்றது தெலங்கானாவைச் சேர்ந்தது. அங்கே சுமார் 19 லட்சம் அட்டைகள், வீட்டிற்குச் சென்று விசாரியாமல், கணிப்பொறியின் கணக்கை மட்டும் நம்பி ரத்துச் செய்யப்பட்டன என்று வழக்குத் தொடரப்பட்டது. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, அவ்வட்டைகளை நேரில் விசாரித்து மீண்டும் சரிபார்க்கும்படி கட்டளையிட்டது. இயந்திரத்தை நம்பி ஏழைகளைத் தண்டிப்பது இத்தேசத்தில் மட்டும் நடந்ததாக எண்ண வேண்டாம். நெதர்லாந்து தேசத்தில் குழந்தை பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர்கள், சிறு பிழைகளுக்காகவும், ஒரு பிழையும் இல்லாமலுங்கூட, மோசடிக்காரர் என்று குறிக்கப்பட்டு, பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்டும்படி வருத்தப்பட்டனர். உண்மை வெளியானபின் 2021 ஜனவரியில் அத்தேசத்து மந்திரி சபையே ராஜினாமாச் செய்தது.

இனி, அரிசி நின்றுபோன குடும்பம் செய்ய வேண்டியதைக் கூறுவோர், முதலிற் கூற வேண்டியது காரணத்தை அறிதலேயாகும். “வராது, போ” என்ற பதிலோடு எவரும் திரும்பிவிடலாகாது. இயந்திரம் காட்டும் காரணம் யாது, அட்டை செயலில் இருக்கிறதா, எந்தத் தேதியில் மாற்றம் நேர்ந்தது என்பவற்றை விற்பனையாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் காரியதரிசி அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மிகவும் நலம். 1967 என்ற எண்ணிலும், 1800 425 5901 என்ற எண்ணிலும் கட்டணமின்றித் தொலைபேசியில் விசாரிக்கலாம். அப்போது கொடுக்கப்படும் புகார் எண்ணையும் தேதியையும் தவறாது குறித்து வைத்தல் வேண்டும். வாய்மொழியாகக் கூறியதற்குச் சாட்சியில்லை. எண்ணும் தேதியும் உள்ள புகாரை எளிதில் மறைத்துவிட முடியாது.

திருத்தும் அதிகாரம் சென்னையில் மண்டல உதவி ஆணையருக்கும், மற்ற ஜில்லாக்களில் வட்ட வழங்கல் அலுவலருக்கும் உண்டு. பெயர் சேர்த்தல், நீக்கல், விலாசம் மாற்றல், குடும்பத் தலைவரை மாற்றல் ஆகியவற்றிற்கு இ-சேவை மையத்தின் மூலம் மனுச் செய்யலாம். இதனால் தீராதவற்றிற்கு, மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடைபெறும் பொது விநியோகக் குறைதீர் முகாம் ஏற்றது. அன்று அதிகாரி, குமாஸ்தா, இயந்திரம் மூன்றும் ஓரிடத்தில் இருப்பதால், பிழையைக் காட்டி அங்கேயே திருத்திக்கொள்ளுதல் பெரும்பாலும் கைகூடும். கூலி வேலை செய்வோர், வேலை நாளில் அரைநாட் கூலியை இழந்து அலைவதைவிட இந்நாளைக் காத்திருப்பது மேல். ஆனால் வீட்டில் அரிசி அறவே இல்லாதவர் சனிக்கிழமையை எதிர்நோக்கி இருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் மனுக் கொடுத்து ரசீது பெறலாம். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. அட்டை எண், எந்த மாதம் முதல் பொருள் நின்றது, இயந்திரம் கூறிய காரணம், அது ஏன் தவறு, என்ன திருத்தம் வேண்டும் என்னும் இவ்வளவும் பத்து வரிக்குள் அடங்கும். கஷ்டங்களை விவரிக்கும் நீண்ட மனுவில், திருத்த வேண்டிய இலக்கம் மறைந்துபோகிறது. அசல் தஸ்தாவேஜை எவரிடமும் விட்டுவரக் கூடாது. நகல் மட்டுமே கொடுக்க வேண்டும்.

காலதாமதத்தினால் நஷ்டம் உண்டு. ஒரு மாதம் தவறிய அரிசியை அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இல்லை. 2013-ஆம் வருஷத்துத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பர் முதல் அமலில் இருந்து வருகிறது. அதன் 8-ஆவது பிரிவின்படி, உரிய தானியம் கொடுக்கப்படாத முன்னுரிமை, அந்தியோதயக் குடும்பத்தினர் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படியைக் கோரலாம். இவ்வுரிமை சட்டத்தில் இருக்கிறதே யொழிய, இதைக் கேட்பவர் அரியர். இதே சட்டம் ஜில்லாதோறும் ஒரு குறைதீர் அதிகாரியையும், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையத்தையும் ஏற்படுத்தியிருக்கிறது. ஜில்லாக் குறைதீர் அதிகாரி பரிந்துரைத்த பரிகாரத்தைத் தக்க காரணமின்றிச் செய்யத் தவறும் உத்தியோகஸ்தருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் 33-ஆவது பிரிவு இடமளிக்கிறது. மனுவுக்கு மறுமொழியே வராவிட்டால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன், “இம்மனுவின்மீது எடுத்த நடவடிக்கை யாது?” என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தருவது அதிகாரியின் கடமை. பல சமயங்களில் இக்கேள்வி போய்ச் சேர்ந்ததுமே, கிடப்பிலிருந்த கட்டு அவிழ்க்கப்படுகிறது.

அட்டை சரியாயிருந்தும் விரல் ரேகை பொருந்தாமையால் திரும்பி வருவோர் உளர். செங்கல் சுமப்போர், மீன் அரிவோர், சலவை செய்வோர், முதியோர் ஆகியோரின் ரேகை தேய்ந்திருப்பது இயற்கை. உழைத்துத் தேய்ந்த விரலுக்கு உணவு மறுப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. ஆதார்ச் சட்டத்தைப் பற்றிய 2018 செப்டம்பர் 26-ந் தேதித் தீர்ப்பிலும், ரேகை பொருந்தாத காரணத்தால் எவருக்கும் உரியது மறுக்கப்படலாகாது என்பது வலியுறுத்தப்பட்டது. வேறு விரலையோ, குடும்பத்தில் வேறோர் அங்கத்தினரின் ரேகையையோ வைத்துப் பார்க்கலாம். கருவிழிப் பதிவும், கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணும் உண்டு. நடக்க இயலாத முதியோரும் நோயாளிகளும், தமக்குப் பதிலாகப் பொருள் வாங்க ஒருவரை நியமித்து, அதற்கான படிவத்தை அலுவலகத்தில் கொடுத்து அநுமதி பெறலாம்.

மகளிர் உரிமைத் தொகையில் நேரும் தடைக்கு வழி வேறு. இத்திட்டம் 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருத்தல், நன்செய் 5 ஏக்கருக்கோ புன்செய் 10 ஏக்கருக்கோ மேற்படாதிருத்தல், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவான மின்சாரம் உபயோகித்தல் முதலிய நிபந்தனைகள் அப்போது விதிக்கப்பட்டன. இவை பல இலாகாக்களின் கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. வடசென்னையில் ஒரே மின்மானியின்கீழ் மூன்று நான்கு குடித்தனங்கள் இருப்பது சாதாரணம். அங்கே நால்வரின் விளக்கும் ஒருவரின் கணக்கில் எரியுமாயின் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்முறை நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் இ-சேவை மையத்தின் வழியே வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய ஏற்பாடு செய்யப்பட்டது. அவ்வாறு முறையிட்டவர்களில் லட்சக்கணக்கானோர் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். முதல் விடையையே முடிந்த விடையாக எண்ணி வாளா இருந்தவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை.

பணம் அனுப்பப்பட்டதாகக் கணக்கில் இருந்தும் கைக்கு வராதிருப்பின், வங்கியில் விசாரிக்க வேண்டும். ஆதாரை ஆதாரமாகக் கொண்டு அனுப்பப்படும் பணம், ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கிற்கே போய்ச் சேரும். நகைக் கடனுக்காகவோ நூறுநாள் வேலைக்காகவோ என்றோ தொடங்கி மறந்துபோன கணக்கில் அப்பணம் கிடப்பதுண்டு. இதில் எந்த அலுவலகத்தின் மேலும் பிழையில்லை. எந்தக் கணக்கில் இணைப்பு உள்ளது என்பதை வங்கியில் கேட்டு மாற்றிக்கொண்டால் போதும்.

புழல் காவாங்கரையிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் குடும்பங்களின் கணக்கு, மேற்கூறியவற்றினின்றும் வேறானது. அவர்களுக்குரிய மாதப் பணக்கொடை 2021-இல் உயர்த்தப்பட்டது. குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், ஏனைய பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000 ஆகவும், சிறுவர்களுக்கு 400-லிருந்து 500 ஆகவும் அது உயர்ந்தது. இதைப் பெறுவது, முகாமில் நடக்கும் தணிக்கையின்போது ஆள் இருப்பதையும் பதிவேட்டில் பெயர் இருப்பதையும் பொறுத்தது. வெளியூரில் வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ சென்றிருக்கும் சமயம் தணிக்கை நேர்ந்தால் பணம் நின்றுவிடக்கூடும். அங்கே முறையிட வேண்டியது உணவு இலாகாவிடமன்று, மறுவாழ்வுத் துறையினரிடம். புறப்படுமுன்பே எழுத்து மூலம் தெரிவித்து நகலில் ஒப்பம் பெறுவதும், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துவதும் அவர்களுக்கு மிகவும் இன்றியமையாதவை.

கூட்டுறவுச் சங்கங்கள் இதில் செய்யக்கூடிய உதவி சிறிதன்று. 1904-இல் சென்னை திருவல்லிக்கேணியில் பண்டகசாலைச் சங்கம் தோன்றியது, அங்கத்தினர் சரியான எடையும் சரியான விலையும் பெறுவதற்காகவே. இன்று அதற்கு மேலாக, அவர்களுடைய காகிதமும் சரியாயிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாதந்தோறும் பொருள் வாங்கி வந்த குடும்பம் ஒன்று இரண்டு மாதம் தொடர்ந்து வாராதிருந்தால், அதைக் கணக்கில் கண்டு விசாரிப்பது சங்கத்திற்கு எளிது. அலுவலகத்திற்கு ஒவ்வொருவராக அலைவதைவிட, ஒரே விதமான பிழையுள்ள குடும்பங்களின் பட்டியலைச் சங்கத்தின் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தால், அதிகாரிகளும் அதைத் தட்டிக்கழிப்பது அரிது. எழுதப் படிக்க அறியாதாருக்கு மனு எழுதிக் கொடுக்கப் பள்ளி முடித்த வாலிபர் ஒருவர் மாதத்தில் ஒரு மாலை சங்கக் கட்டிடத்தில் உட்கார்ந்தாலே போதுமானது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28, 29-ஆவது பிரிவுகள் கடைகளின் கணக்கைச் சமூகத் தணிக்கை செய்யவும், கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கவும் விதிக்கின்றன. அத்தணிக்கை நடக்கும் நாளில், இருப்பும் விற்பனையும் சரிதானா என்று மட்டும் பாராமல், முந்திய வருஷம் இருந்து இவ்வருஷம் இல்லாமற்போன பெயர்களையும் உரக்க வாசிக்கும்படி அங்கத்தினர் கேட்கலாம். வாசிக்கப்படும் பெயர்களில் மணமாகிப் போனவர் யார், இறந்தவர் யார், ஊரிலேயே இருப்பவர் யார் என்பதை அங்கே கூடியிருக்கும் ஊரார் உடனுக்குடன் சொல்லிவிடுவர்.